மூன்று தட்டு

கேட்டுக்கு வெளியே கிடந்த கருங்கல்லில் வெயில் ஏறிவிட்டது. உட்கார முடியாமல் குணசுந்தரி எழுந்துபோய்க் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பங்காருபேட்டை ரோட்டோரம், முன்பு செங்கல் அறுத்த இடம் அது. இப்போது சுற்றிலும் தகரம் அடித்து, தவணை கட்டாதவர்களின் வண்டிகளைப் பிடித்து வந்து நிறுத்தும் யார்டு ஆக்கியிருந்தார்கள். ஆட்டோக்கள், டிராக்டர், ஒரு பள்ளிக்கூட வேன், காற்றிறங்கி ஒருக்களித்துக் கிடந்த ஐஸ்கிரீம் வண்டி. கடைசி வரிசையில், வேப்ப மரத்தடியில், சருகு மூடிக் கிடந்தது அவளுடைய பழைய வெள்ளைப் பிக்கப்.

பாக்கி முழுக்கக் கட்டியாகிவிட்டது. காதில் கம்மல் இருந்த துளையில் ஈர்க்குச்சி சொருகியிருந்தாள். உள்ளே தகரக் கொட்டகையில் மேனேஜர் டிபன் சாப்பிட்டுக் கொண்டிருப்பதாகக் கேட் வாட்ச்மேன் வேலு சொன்னான். வேலுவும் மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்புக்காரன்தான், அவளுக்கு இரண்டு லைன் வரிசை தள்ளி வீடு. ஆனால் யூனிஃபார்ம் போட்டிருக்கும்போது ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான்.

"டிபனா, விருந்தாடா?" என்றாள்.

"அக்கா, நான் வாட்ச்மேன். கேட்ட தொறக்கச் சொன்னா தொறப்பேன், மூடச் சொன்னா மூடுவேன். என்னை இன்னாத்துக்குக் கேக்குற?"

மேனேஜர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சாவியை மேசைமேல் எறிந்தார். குணசுந்தரி வண்டியில் ஏறினாள். சீட்டில் காக்கை எச்சம். ஸ்டியரிங்கைப் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. டேஷ்போர்டின் நடுவில், பாட்டுச் செட்டு இருந்த இடத்தில், சதுரமாக ஓர் ஓட்டை. உள்ளே ஒயர்கள் பிளேடால் அறுபட்டு மொட்டையாகத் தொங்கின.

இறங்கி வந்தாள். "சார், செட்டு எங்க?"

"எந்த செட்டும்மா? நம்ம லெக்கம், கணக்கு, வண்டி மட்டும்தான். வண்டி வந்துச்சா? ஆய்த்து. ஹோகம்மா, போ போ."

"செட்டு போனாப் போவுது சார். அதுல ஒரு பென் டிரைவ் சொருவி இருந்திச்சு. கறுப்பு, நகத்தளவு. அதை மட்டும் குடுத்துடுங்க."

"பென் டிரைவா? அதுல இன்னா, கோலார் தங்கம் வெச்சிருந்தியா?"

பக்கத்தில் நின்ற, வண்டி பிடித்து வரும் சீசிங் பையன்கள் சிரித்தார்கள். வேலு கேட்டின் பூட்டை ஆராய்ந்து கொண்டிருந்தான்.

"என் ஊட்டுக்காரர் கொரல் சார்" என்றாள்.

அதற்கும் சிரித்தார்கள்.

முனியப்பன் மீசை முளைத்த வயதில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவன். சுரங்கத்தை மூடியபோது மேலே வந்தான். உள்ளே விழுங்கிய கல்தூள் மட்டும் அவனோடு கூடவே வந்தது. அதன் பிறகு வெங்காய வியாபாரம். முதலில் சைக்கிள், பிறகு தள்ளுவண்டி, பிறகு எவனோ ஓட்டித் தேய்த்த இந்தப் பிக்கப். நல்ல கட்டையான குரல் அவனுக்கு. மூச்சு இருந்த காலத்தில் ஒரு மத்தியானம் மகள் ஷில்பாவின் போனில் பேசிப் பதிந்து, பென் டிரைவில் ஏற்றிச் செட்டில் சொருகியிருந்தார்கள். வண்டி எந்த லைனுக்குள் நுழைந்தாலும் கூரைமேல் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் வரும்.

"வந்திச்சு வந்திச்சு, முனியப்பன் வண்டி வந்திச்சு! வெங்காயம், பூண்டு, உருளக்கெழங்கு! எழுந்து வாங்க தாயீ, படுத்துனு இருந்தா பல்லாரி வருமா?"

கடைசி வரிக்குப் பிள்ளைகள் கூடவே கத்துவார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே கூடையோடு வருவார்கள். இப்போது முனியப்பனுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் மூச்சு எட்டுவதில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில்தான் தவணை விழுந்தது, வண்டி போனது. ஷில்பா பெங்களூரில் வேலைக்குப் போனதும் பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கிவிட்டாள். அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை.

வீட்டில் அவன் தட்டிப் பேசினான். கையில் எப்போதும் ஓர் எடைக்கல் இருக்கும், தராசில் வைக்கிற சின்னக் கல். கட்டில் கம்பியில் தட்டுவான். சுரங்கத்தில் கூண்டு ஏற்றி இறக்குவதற்கு மணியடிக்கிற கணக்கு அது. ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் கூண்டுக்குள் ஆள் இருக்கு, பார்த்து. சோறு போட்டது போதும் என்றால் ஒன்று. குழம்பு இன்னும் கொஞ்சம் இறக்கு என்றால் இரண்டு. லைன் கக்கூஸில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது கதவை ஆட்டினால் மூன்று. அந்த மூன்று தட்டைக் கேட்டால் லைனே திரும்பிப் போய்விடும்.

வண்டி வந்து நின்றதும் முனியப்பன் சுவரைப் பிடித்து வெளியே வந்தான். ஓட்டையைப் பார்த்தான். உள்ளே கையை விட்டு அறுந்த ஒயரை ஒருமுறை தடவினான். பிறகு போய்ப் படுத்துக்கொண்டான்.

குழாய் ஸ்பீக்கரை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். கூரைமேல் ஏறச் சோம்பல் போலிருக்கிறது.

மறுநாளிலிருந்து குணசுந்தரி தொண்டையால் கூவி விற்றாள். மூன்று லைன் போவதற்குள் தொண்டை கட்டிவிடும். வீட்டுக்குள் டிவி ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது. அவள் கூவல் எவள் காதிலும் விழவில்லை. விற்காத மூட்டையோடு திரும்பினால் இரவு வெங்காயம் புழுங்கி, வீடெல்லாம் நாறியது.

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ரூபேஷின் செட்டுக் கடைக்குப் போனாள். ரூபேஷ் சின்ன வயது. காதில் கடுக்கன், போனில் யாரோடோ கன்னடத்தில் கத்திக் கொண்டிருந்தவன், இவளைக் கண்டதும் தமிழுக்கு மாறினான்.

"வாக்கா. பழசா, புதுசா? பழசுல நல்ல ஐட்டம் கீது."

கண்ணாடி அலமாரியில் பழைய செட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றின் பின்னாலும் ஒயர் ஒரே மாதிரி, பிளேடு வைத்து அறுத்தது, விரல் நீளத்துக்கு மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. குணசுந்தரி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுடையது இல்லை.

"யார்டு சரக்கா?"

ரூபேஷ் போனைப் பார்த்தான். "எனக்கு ஏன்க்கா வம்பு? ஏஜெண்டு கொண்டாறான், நான் வாங்குறேன்."

"பென் டிரைவ் சொருவியே வருமா?"

"அதெல்லாம் அங்கியே புடுங்கிடுவானுங்க. ஃப்ரீயா வர்றதை விடுவானுங்களா?"

"இது ஒண்ணும் வாணாம். புதுசு குடு. இருக்கிறதுலயே கம்மி வெலை."

சீனாப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். யூ.எஸ்.பி. உண்டு, ப்ளூடூத் உண்டு, நீல விளக்கு எரியும். "வண்டிய வுட்டுட்டு சாவிய குடுத்துட்டுப் போ. சாயங்காலம் மாட்டி வெக்கிறேன்."

சாவி என்றதும் அவள் கை மடிக்குப் போனது. "சாவி இனிமே எவன் கைக்கும் போவாது. இப்பவே, என் எதிர்ல மாட்டு."

"ஒயர் அடியோட அறுத்துட்டானுங்கக்கா. எது எதுன்னு தேடி எடுக்கவே அரை நாள் ஆவும். நீ நின்னுனு பாத்துனு இருக்க முடியுமா?"

"அப்ப நானே மாட்டிக்கிறேன்."

ரூபேஷ் சிரித்தான். "விளையாடாத. ஷார்ட் ஆச்சுன்னா வண்டியே எரிஞ்சிடும்."

"என் வாசல்ல எரியட்டும். யார்டுல நிக்கிறதுக்கு அது மேல்."

ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூர் மைன்ஸில், தங்கள் லைன் முனையில் வண்டியை நிழலுக்கு ஒதுக்கினாள். முனியப்பனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இடப்பக்கச் சீட்டில் உட்கார வைத்தாள். ஸ்குரூ டிரைவர், பிளேடு, கறுப்பு டேப், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் முறத்தில் போட்டு எடுத்துக்கொண்டு, சேலையைச் சொருகி, ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்தாள். தலை பிரேக் பெடலில் இடித்தது.

எதிர்வீட்டு டீனா சர்ச்சுக்குப் புறப்பட்டு வந்தவள் நின்றாள். "இன்னா சுந்தரிக்கா, வண்டிக்குப் பிரசவம் பாக்குறியா?"

"ஆமா. ஆம்பளப் புள்ள பொறந்தா உனக்குத்தான்."

"சின்னதா இருந்தா குடு, பெருசு வாணாம்."

அறுந்த ஒயர்களை உள்ளே கைவிட்டு இழுத்தாள். கொத்தாக வந்தன, எல்லாம் ஒரே அழுக்கு நிறம். எச்சில் தொட்டுத் துடைத்தால்தான் பச்சையா நீலமா என்று தெரிந்தது. ஒவ்வொன்றின் நுனியையும் பிளேடால் சுரண்டி, செம்புக் கம்பியை வெளியே எடுத்தாள். முதல் இரண்டுக்குள்ளேயே கட்டைவிரல் கீறிக்கொண்டது.

முனியப்பன் எடைக்கல்லால் கதவுத் தகரத்தில் தட்டினான். ஒன்று.

"இருய்யா, நிறுத்தலாம். இதை ஒண்ணை இழுத்துடறேன்."

மறுபடி ஒன்று, பலமாக.

அவள் இழுத்தாள். நுனி போய் டேஷ்போர்டுக்குள்ளிருந்த இரும்புப் பட்டையில் உரசியது. பட்டென்று நீலமாக ஒரு பொறி. ரப்பர் தீய்ந்த நாற்றம். பெடலில் தலையை முட்டிக்கொண்டு வெளியே உருண்டாள். டீனா பைபிளை மார்பில் அணைத்துக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய் நின்றாள்.

முனியப்பன் பானெட்டைக் காட்டி மூச்சு வாங்கினான். "பேட்டரி... கழட்டல."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தியவள், கத்திய பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவன் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது.

ஃப்யூஸ் ஒன்றுதான் போயிருந்தது. பெட்ரோல் பங்க் பக்கம் போய் வாங்கி வந்தாள். இந்த முறை பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றிய பிறகுதான் ஒயரைத் தொட்டாள். எந்த ஒயரில் கரண்ட் வருகிறது என்று கண்டுபிடிக்க முனியப்பன் வழி சொன்னான், வார்த்தை வார்த்தையாக, இடையிடையே மூச்சுக்குக் காத்திருந்து. உடைந்த இண்டிகேட்டரிலிருந்து ஒரு பல்பு. அதற்கு இரண்டு வால் ஒயர். ஒரு வால் வண்டி இரும்பில், இன்னொன்று தேடுகிற ஒயரில். பேட்டரியை மறுபடி மாட்டித் தேடினார்கள். ஒரு ஒயரில் சாவி போடாமலே பல்பு எரிந்தது. இன்னொன்றில் சாவியைத் திருப்பினால் மட்டும் எரிந்தது. சாவியைத் திருப்புவது முனியப்பன் வேலை. பல்பு எரிந்தபோதெல்லாம் அவன் முகமும் மாறியது.

சீனாச் செட்டிலிருந்து வந்தவை புது ஒயர்கள். கறுப்பு, வண்டியின் இரும்பு உடம்புக்கு என்பதில் குழப்பமில்லை. சிவப்பும் மஞ்சளும்தான் மிச்சம். எது நேரடியாகப் பேட்டரிக்கு, எது சாவிக்கு?

"செவப்பு... பேட்டரி" என்றான் முனியப்பன். "மைன்ஸ்ல... செவப்புதான் உயிரு."

சுரங்கத்தில் சிவப்பு ஒயர் எப்போதும் கரண்ட் ஓடுகிற ஒயர். அதைத் தொட்டவன் திரும்பி வரமாட்டான். அது அவனுக்குப் பாலபாடம். குணசுந்தரி சிவப்பை நேரடி ஒயரோடும் மஞ்சளைச் சாவி ஒயரோடும் முறுக்கி டேப் சுற்றினாள். ஸ்பீக்கர் ஒயரையும் முறுக்கினாள். செட்டோடு வந்த தகரக் கூட்டை ஓட்டைக்குள் வைத்து, அதன் பற்களை ஸ்குரூ டிரைவரால் மடக்கி, செட்டை உள்ளே தள்ளினாள். கிளிக் என்று உட்கார்ந்தது.

சாவியைத் திருப்பினாள். நீல விளக்கு எரிந்தது. கூரையிலிருந்து கன்னட ரேடியோவில் ஒருவன் சிமெண்டைப் பற்றிக் கத்தினான். லைன் முழுக்கக் கதவு திறந்தது. சர்ச்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த டீனா தூரத்திலிருந்தே கூவினாள்: "பொறந்துடுச்சா? இன்னா புள்ள?"

"கன்னடக்காரப் புள்ள!" என்றாள் குணசுந்தரி. கீறிய கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே சிரித்தாள்.

அன்று சாயங்காலம் தன் போனில், கட்டிய தொண்டையோடு, அவளே ஒரு கூவல் பேசிப் பதிந்தாள். முனியப்பன் சொன்ன அதே வார்த்தைகள்தான். பேசி முடித்துக் கேட்டபோது, யாரோ பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுகிற மாதிரி இருந்தது. முனியப்பன் கேட்டான். எடைக்கல்லை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை மாரிக்குப்பம் பக்கம் போனார்கள். போனிலிருந்து ப்ளூடூத்தில் கூவல் ஒலித்தது. ஒரு கிழவி எட்டிப் பார்த்துவிட்டு, "கட்சி வண்டின்னு நெனச்சேன்" என்று உள்ளே போனாள். வந்த இரண்டு பேருக்கு நிறுக்க இன்ஜினை நிறுத்தினாள். மறுபடி சாவியைத் திருப்பியபோது செட்டுக்கு எல்லாம் மறந்துவிட்டிருந்தது. போன் தெரியவில்லை, வைத்த சத்தம் தெரியவில்லை. கன்னட ரேடியோவுக்குப் போய், முழுச் சத்தத்தில், பல்பொடி விளம்பரம் அலறியது. தராசில் வைத்த வெங்காயம் உருண்டு ஓடியது. பிள்ளைகள் வெங்காயத்தைப் பொறுக்கித் தருவதா, சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். அடுத்த நிறுத்தத்திலும் இதே கதை.

"முனியப்பன் கொரல் எங்க சுந்தரிக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி. "அது கேட்டாத்தான் எனக்குக் கத்திரிக்கா நறுக்குறதை வுட்டுட்டு எழுந்து வரத் தோணும். இது யாரோ மாதிரி கீது." சீட்டில் உட்கார்ந்திருந்த முனியப்பனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குணசுந்தரி பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செட்டை வெளியே இழுத்தாள். சிவப்பையும் மஞ்சளையும் பிரித்தாள்.

"செவப்பு..." என்று தொடங்கினான் முனியப்பன்.

"யோவ், இது மைன்ஸ் இல்ல, சைனா. மஞ்சளுக்குத்தான் எப்பவும் கரண்ட் கேக்குது போல. அது செத்துச் செத்துப் பொழைக்குது, அதான் எல்லாத்தையும் மறந்துடுது."

மாற்றி முறுக்கினாள். சாவியை அணைத்துப் போட்டாள், அணைத்துப் போட்டாள். செட்டு எதையும் மறக்கவில்லை. முனியப்பன் மஞ்சள் ஒயரை முறைத்துப் பார்த்துவிட்டு, கதவில் இரண்டு தட்டினான். சரி, இறக்கு.

வேலு வெங்காயம் வாங்க வந்தது அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில். யூனிஃபார்ம் இல்லை, லுங்கி. வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தான். வெங்காயம் வாங்கவா வந்திருக்கிறான் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"மாமா நல்லா கீறாரா?"

"உள்ள போய்ப் பாரு. மூச்சு இருந்தா நல்லா கீறாருன்னு அர்த்தம்."

வேலு உள்ளே போகவில்லை. "வியாழக்கெழமை யார்டுல ஏலம்க்கா. பெங்களூர்லேந்து ஆளுங்க வருவாங்க, வண்டி எடுக்க. மேனேஜருக்கு அன்னைக்கு மட்டும் சத்தம் கித்தம் வரக்கூடாது. சட்டைய இஸ்திரி போட்டுனு வருவாரு." ஒரு வெங்காயத்தின் தோலை உரித்தான். "பசங்க செட்டு கழட்டுறப்ப சின்னச் சின்னப் பொருளை ஒரு பிஸ்கெட் டப்பாவுல போடுவானுங்க. நான் எதையும் பாக்கலை."

"நீ ஏன்டா பாக்கப் போற? நீ வாட்ச்மேன்."

வேலு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் போனை எடுத்து வாசலில் உட்கார்ந்து வேறு ஒன்றைப் பேசிப் பதிந்தாள். இந்த முறை தொண்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை. முனியப்பன் உள்ளே கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் கட்டில் கம்பி இரண்டு முறை ஒலித்தது.

வியாழக்கிழமை யார்டு கேட்டுக்கு முன்னால் கார்கள் நின்றன. கறுப்புக் கண்ணாடி போட்ட ஆட்கள் வண்டி வண்டியாகக் கதவைத் திறந்து பார்த்துக் கொண்டிருந்தார்கள். மேனேஜரின் சட்டை கத்தி முனைபோல் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், தங்கள் வண்டி யாருக்குப் போகிறது என்று பார்க்க வந்தவர்கள் புளிய மரத்தடியில் குந்தியிருந்தார்கள். குணசுந்தரி பிக்கப்பை ரோட்டு ஓரத்தில், கேட்டுக்கு நேராக நிறுத்தினாள். இடப்பக்கச் சீட்டில் முனியப்பன், கையில் எடைக்கல். ரோடு யாருக்கும் சொந்தமில்லை. சத்தத்தை முழுக்கத் திருப்பினாள்.

"வந்திச்சு வந்திச்சு, யார்டுச் சரக்கு வந்திச்சு! பாட்டு செட்டு, பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி! ஏலம் எடுக்க வந்த ஐயாமாரே, வெறுங்கூட்டுக்கா வெலை பேசுறீங்க? உள்ள இருந்த கொடலெல்லாம் முன்னாடியே வித்தாச்சு! சீட்டத் தூக்கிப் பாருங்க, பானெட்டத் தொறந்து பாருங்க! என் வண்டியில ஊட்டுக்காரர் கொரலையே உருவிட்டாங்க, உங்களுக்கு வுட்டா வெச்சிருப்பாங்க? எழுந்து வாங்க சாமி, படுத்துனு இருந்தா பல்லாரி வருமா?"

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. புளிய மரத்தடியில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடி ஒருவன் பள்ளிக்கூட வேனின் பானெட்டைத் தூக்கினான். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த தட்டுதான் இருந்தது. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்றாவது சுற்றில் ஏலக்காரர்கள் எல்லோரும் சீட்டுகளைத் தூக்கிக் கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏய், நில்சு! அதை நிறுத்தும்மா! போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு சார். வந்தா அவங்களுக்கும் ஓட்டையக் காட்டுறேன்."

"இன்னா வேணும் உனக்கு? செட்டா? புதுசுதான் போட்டிருக்கியே!"

"கறுப்பு. நகத்தளவு."

மேனேஜர் யார்டைத் திரும்பிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிகளில் இரண்டு பேர் கார் பக்கம் நடந்து கொண்டிருந்தார்கள். "டேய் வேலு! அந்த டப்பாவ எடுத்தாந்து இந்தம்மா மூஞ்சில எறிடா! எடுத்துனு போவட்டும்!"

வேலு எறியவில்லை. நடந்து வந்து, இரண்டு கையாலும், ஜன்னல் வழியாகக் கொடுத்தான். துரு ஏறிய பிஸ்கெட் டப்பா. குணசுந்தரி மூடியைத் திறந்தாள். உள்ளே பாதி டப்பாவுக்குப் பென் டிரைவ்கள். சிவப்பு, நீலம், நூல் கட்டியது, சாவி வளையம் மாட்டியது, பல் கடித்த தடம் உள்ளது. கறுப்பில், நகத்தளவில், ஒரு கைப்பிடி. நடுவே டேஷ்போர்டிலிருந்து பெயர்த்த ஒரு பிள்ளையார், பசையோடு ஒரு சிலுவை, ஒரு குழந்தையின் பாஸ்போர்ட் போட்டோ.

"எடுத்துனு கெளம்பு" என்றார் மேனேஜர்.

"எது என்னுதுன்னு பாக்க வாணாமா?"

போனை அணைத்தாள். கறுப்பு ஒன்றை எடுத்துச் செட்டில் சொருகினாள். கூரைமேலிருந்து ஒரு தெலுங்குக் குரல், பழைய இரும்பு, பழைய பேப்பர் என்றது. அடுத்தது, "மாவின ஹண்ணு, மாவின ஹண்ணு" என்று ஒரு கன்னடக் கிழவர் மாம்பழம் கூவினார். அடுத்ததில் மேளமும் நாதஸ்வரமும். அடுத்ததில் வெறும் இரைச்சல், இடையில் ஒரு குழந்தை, "அப்பா, மெல்லமா ஓட்டுப்பா" என்றது. புளிய மரத்தடியில் குந்தியிருந்த ஓர் ஆள் எழுந்து நின்றான். பிறகு அவன் பக்கத்து ஆள். ரோட்டைத் தாண்டி வரத் தொடங்கினார்கள்.

அடுத்ததைச் சொருகினாள்.

"வந்திச்சு வந்திச்சு, முனியப்பன் வண்டி வந்திச்சு!"

தகர வேலியில் மோதித் திரும்பி வந்தது அந்தக் குரல். தடித்த, மூச்சு நிறைந்த குரல். முனியப்பன் தலையைச் சாய்த்து, யாரோ ஊர் ஆள் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டான். எழுந்து வாங்க தாயீ என்றபோது அவன் உதடு கூடவே அசைந்தது. சத்தம் வரவில்லை. வேலு தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டான்.

குணசுந்தரி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"கெடச்சிடுச்சுல்ல?" என்றார் மேனேஜர். "டப்பாவக் குடு. ஹோகு. கேட்டை வுட்டு நகரு."

அவள் சாவியில் கை வைத்தாள். அந்த நேரம் இடப்பக்கக் கதவுத் தகரத்தில் எடைக்கல் விழுந்தது. ஒன்று. அவள் கை நின்றது. இரண்டு. அவள் திரும்பிப் பார்த்தாள். முனியப்பன் அவளைப் பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்துக் கொண்டிருந்தான். மூன்று.

கூண்டுக்குள் ஆள் இருக்கு. குணசுந்தரி சாவியிலிருந்து கையை எடுத்தாள். டப்பாவுக்குள் விரலை விட்டு, அடுத்ததை எடுத்துச் சொருகினாள்.